நோய் தீர்க்கும் இடத்தில் நோய் பெறலாகாது

நாட்டின் செல்வம் நிலத்தில் மட்டும் இல்லை. அந்நிலத்தில் உழைப்பவரின் உடல் நலத்திலும் இருக்கிறது. ஆகவே கிணறும் சாலையும் பள்ளியும் ஓர் ஊருக்கு எத்துணை இன்றியமையாதவையோ, அத்துணை இன்றியமையாதது நல்ல மருத்துவமனையும் ஆகும். இன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் 14 ஊராட்சி ஒன்றியங்களிலும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. அங்கே தீராத நோய்க்கு இலால்குடி, முசிறி, துறையூர், மணப்பாறை முதலிய பகுதிகளிலிருந்து மக்கள் திருச்சி நகரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கு வருகின்றனர். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே வாழ்வோருக்கும், அரங்கன் கோயிலுக்கு வரும் யாத்திரிகர்களுக்கும் ஸ்ரீரங்கம் அரசு மருத்துவமனை உதவுகிறது.

மருத்துவமனைக்குச் செல்பவர் நோய் நீங்கும் என்னும் நம்பிக்கையோடு செல்கிறார். ஆயினும், ஓர் உண்மையை நாம் மறந்துவிடலாகாது. சந்தைக்கு எல்லா ஊர்ச் சரக்கும் வந்து சேர்வது போல, மருத்துவமனைக்கு எல்லா ஊர் நோயும் வந்து சேர்கிறது. காவல் இல்லையெனில், ஒருவருடைய நோய்க்கிருமி மற்றொருவரின் உடலுக்குள் புகுந்துவிடும். கால் முறிவுக்காகச் சென்றவர் சீழ்ப்புண்ணோடு திரும்பலாம். பிள்ளைப்பேற்றுக்குச் சென்ற தாய் காய்ச்சலோடு திரும்பலாம். சிகிச்சையின் வழியாகவே வந்து சேரும் இவ்வகை நோயை மருத்துவமனைத் தொற்று என்பர்.

இது அரிதாக நிகழ்வது அன்று. உலக சுகாதார நிறுவனம் 2022-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, மருத்துவமனையில் சேர்க்கப்படும் ஒவ்வொரு 100 பேரிலும், செல்வ நாடுகளில் 7 பேரும், ஏனைய நாடுகளில் 15 பேரும் இத்தகைய தொற்றுக்கு உள்ளாகின்றனர். தொற்றுக்கு உள்ளானவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் உயிரிழக்கின்றார். அதே அறிக்கை மற்றொன்றும் கூறுகிறது. கைகளைத் தூய்மையாக வைத்தல் முதலிய எளிய முறைகளை ஒழுங்காகப் பின்பற்றினால் இவற்றில் 70 சதவீதத்தைத் தடுத்துவிடலாம் என்பதே அது. எனவே இது விதியின் செயல் அன்று. நம் முயற்சியால் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது.

அரங்கத்து ஆரோக்கியசாலை

மருத்துவமனையை ஊரின் பொறுப்பாகக் கருதும் மரபு நம் நாட்டுக்குப் புதிதன்று. ஸ்ரீரங்கம் கோயிலில் தன்வந்திரி சந்நிதி இருப்பதைப் பலரும் கண்டிருப்பர். அச்சந்நிதியோடு ஓர் ஆரோக்கியசாலையின் வரலாறு இணைந்துள்ளது. சமயபுரத்தை அடுத்த கண்ணனூரைத் தலைநகராகக் கொண்டு 13-ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஹொய்சள மன்னன் வீர இராமநாதன் காலத்தில் இங்கே ஆரோக்கியசாலை அமைந்திருந்தது. பின்னர் அது சிதைவுற்றது. கருடவாகன பட்டர் என்பவர் அதனைப் புதுப்பித்ததை 1493-ஆம் ஆண்டுக் கல்வெட்டு தெரிவிக்கிறது. காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில் உள்ள வீரராசேந்திர சோழன் கல்வெட்டோ, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையையும், அங்கே பணி செய்த மருத்துவர், அறுவை செய்வோர், பணிப்பெண்கள் முதலியோரையும், அங்கு வைத்திருந்த மருந்துகளையும் வரிசையாகக் கூறுகிறது.

கிருமிகள் என்பன கண்ணுக்குப் புலனாகாத காலத்திலேயே நோயாளிக்குத் தனி இடமும், தனிப் பணியாளரும் வேண்டுமென நம் முன்னோர் உணர்ந்திருந்தனர். கிருமிகளைக் கண்டறிந்துவிட்ட இக்காலத்தில் நம் கடமை இன்னும் பெரிதாகிறது.

கிருமி செல்லும் வழி

கிருமிக்குக் காலும் இல்லை, சிறகும் இல்லை. அது பெரும்பாலும் பிறர் கையில் ஏறியே செல்கிறது. மருத்துவரின் கை, செவிலியரின் கை, நோயாளிக்குத் துணையிருப்பவரின் கை ஆகியவை முதல் வழி. நன்றாகத் தூய்மை செய்யப்படாத கத்தி, கத்தரி, ஊசி, குழாய் ஆகியவை இரண்டாம் வழி. அசுத்தமான நீரும், ஈரமான தரையும், மருந்துக் கரைசல்களும் மூன்றாம் வழி. இருமல், தும்மலால் காற்றில் பரவும் துளிகள் நான்காம் வழி.

கால்நடை வளர்ப்போர் இதனை எளிதில் உணர்வர். மடிநோய் கண்ட பசுவைக் கறந்த கையைக் கழுவாமல் அடுத்த பசுவைக் கறந்தால், அதற்கும் மடிநோய் வந்துவிடும். ஆதலால்தான் நோயுற்ற மாட்டைக் கடைசியில் கறக்கிறோம். ஒவ்வொரு முறையும் கையையும் மடியையும் கழுவுகிறோம். தொழுவத்தில் நாம் பின்பற்றும் இந்த அறிவு மருத்துவமனைக்கும் பொருந்தும்.

கையின் மூலம் மரணம் பரவக்கூடும் என்பதை உலகிற்கு மெய்ப்பித்தவர் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர். 1847-ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து மருத்துவமனை ஒன்றில் இரண்டு பிரசவப் பகுதிகள் இருந்தன. மருத்துவ மாணவர் பணி செய்த பகுதியில் தாய்மார் மிகுதியாக இறந்தனர். மருத்துவச்சிகள் பணி செய்த பகுதியில் இறப்பு குறைவு. பிணங்களை அறுத்து ஆராய்ந்த மாணவர்கள் அதே கையோடு வந்து தாய்மாரைத் தொடுவதே காரணம் என்று அவர் கண்டார். குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் அனைவரும் கை கழுவ வேண்டுமென விதித்தார். அதற்கு முன் ஒரு மாதத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 18 ஆக இருந்த தாய்மார் இறப்பு, இரண்டு மாதங்களுக்குள் நூற்றுக்கு ஏறத்தாழ 2 ஆகக் குறைந்தது. அவர் பயன்படுத்திய பொருள், இன்று நம் பஞ்சாயத்துகள் மேல்நிலைத் தொட்டியில் இடுகின்ற பிளீச்சிங் பவுடரின் இனத்தைச் சேர்ந்ததே ஆகும்.

அவருடைய சொல்லை அன்று பலர் ஏற்கவில்லை. பின்னர் 1867-ஆம் ஆண்டில் லிஸ்டர் என்னும் ஆங்கில அறுவை மருத்துவர், கார்பாலிக் அமிலத்தைக் கொண்டு புண் சீழ் பிடிக்காமல் தடுக்கும் முறையை வெளியிட்டார். அதன் பின்னரே அறுவை சிகிச்சை அச்சம் நீங்கிய சிகிச்சையாக வளரத் தொடங்கிற்று.

கழுவுதல், குறைத்தல், ஒழித்தல்

"வெந்நீரில் போட்டு எடுத்துவிட்டால் போதாதா?" என்று பலரும் கேட்பதுண்டு. இதற்கு விடை காண, மூன்று செயல்களைப் பிரித்தறிய வேண்டும்.

முதலாவது, கழுவுதல். இரத்தமும் சீழும் அழுக்கும் நீங்கும்படி தேய்த்துக் கழுவுவது. இரண்டாவது, கிருமியைக் குறைத்தல். கொதிக்கும் நீர், பிளீச்சிங் கரைசல், சாராவி முதலியவற்றால் பெரும்பாலான கிருமிகளைக் கொல்வது. மூன்றாவது, கிருமியை அறவே ஒழித்தல். ஒன்று கூட மிஞ்சாதபடி செய்வது. இதனையே கிருமி நீக்கம் என்பர்.

இரண்டுக்கும் மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டை விவசாயப் பெருமக்கள் நன்கு அறிவர். வயலில் கோரையை மேலாக அறுத்துவிட்டால் நிலம் தூய்மையாகக் காணப்படும். ஆனால் மண்ணுக்குள் கிழங்கு இருக்கிறது. ஒரு மழை பெய்ததும் மீண்டும் முளைத்துவிடும். அதுபோலவே சில கிருமிகள் கெட்ட காலத்தில் தம்மைச் சுற்றித் தடித்த ஓடு ஒன்றை அமைத்துக்கொண்டு உறங்குகின்றன. அந்நிலையைச் சிதல் என்பர். இரண வாதக் கிருமி, அதாவது டெட்டனஸ் கிருமி, அவ்வாறு மண்ணிலும் சாணத்திலும் பல ஆண்டுகள் கிடக்கக் கூடியது. கொதிக்கும் நீர் அதன் ஓட்டை உடைப்பதாக உறுதி கூற இயலாது. ஆகவே உடலுக்குள் செல்லும் கருவிக்கு வெந்நீர் போதுமானதன்று.

எப்பொருளுக்கு எம்முறை என்பதற்கு ஓர் எளிய வரையறை உண்டு. ஸ்பால்டிங் என்னும் அமெரிக்க அறிஞர் வகுத்த அது இன்றும் உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. தோலைக் கிழித்து இரத்தத்தையோ உள்ளுறுப்பையோ தொடும் கத்தி, ஊசி, தையற்கருவி ஆகியவை முற்றிலும் கிருமி நீக்கப்பட்டவையாக இருத்தல் வேண்டும். வாய், தொண்டை முதலியவற்றின் மென்தோலைத் தொடும் கருவிகளுக்கு உயர்ந்த அளவில் கிருமியைக் கொல்லும் மருந்துக் கரைசல் வேண்டும். கிழிவற்ற தோலை மட்டும் தொடும் கட்டில், இரத்த அழுத்தக் கருவியின் துணிப்பட்டை முதலியவற்றுக்குச் சோப்பு நீரும் சாதாரண கிருமிநாசினியும் போதும்.

அழுத்த நீராவிக் கலம்

கிருமியை ஒழிப்பதில் இன்றளவும் முதலிடம் பெற்றிருப்பது ஆட்டோகிளேவ் எனப்படும் அழுத்த நீராவிக் கலம். 1879-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுச் சாம்பர்லேன் என்பவர் இதனை உருவாக்கினார். வீட்டிலுள்ள பிரஷர் குக்கரின் தத்துவமே இதன் தத்துவம். திறந்த பாத்திரத்தில் நீர் 100 டிகிரிக்கு மேல் சூடேறாது. மூடி அழுத்தம் கூட்டினால் சூடு மேலும் ஏறும். சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில் நீராவி 121 டிகிரி சூடு பெறுகிறது. அச்சூட்டில் 15 நிமிடம் இருந்தால் சிதல்களும் மாளும். துணியில் பொதிந்த கருவிகளுக்கு ஆவி உட்புக நேரம் வேண்டுமாதலால் அரை மணி நேரம் வைப்பது வழக்கம்.

உலர்ந்த வெப்பத்தைவிட நீராவிக்கு ஆற்றல் மிகுதி. இட்லிப் பானையை இறக்கும்போது ஆவி பட்டால் கை எவ்வாறு வெந்துபோகிறது என்பதைத் தாய்மார் அறிவர். ஆவி குளிர்ந்த பொருளின் மேல் நீராக மாறும்போது, தன்னுள் அடங்கிய வெப்பத்தையெல்லாம் அதனிடம் கொடுத்துவிடுகிறது. உலர்ந்த வெப்பத்தாலேயே இதே பணியைச் செய்ய வேண்டுமாயின் 160 டிகிரியில் இரண்டு மணி நேரம் வேண்டும்.

இக்கலத்தில் மூன்று பிழைகள் நேரக்கூடும். ஒன்று, கருவியைக் கழுவாமல் உள்ளே வைத்தல். காய்ந்த இரத்தத்தின் அடியில் கிருமி பிழைத்துக் கொள்ளும். அழுக்குச் சுவரின் மேல் சுண்ணாம்பு அடிப்பது போன்றதே அது. இரண்டு, பொட்டலங்களை நெருக்கித் திணித்தல். இடையில் காற்று தங்கிய இடத்தில் ஆவி புகாது. மூன்று, ஈரம் உலராமல் வெளியே எடுத்தல். ஈரத் துணியின் வழியாக வெளிக்கிருமி மீண்டும் உள்ளே சென்றுவிடும்.

பொட்டலத்தின் மேல் ஒட்டப்படும் ஒருவகை நாடாவில், சூடு பட்டதும் கரிய கோடுகள் தோன்றும். கோடு தோன்றாத பொட்டலம் கலத்தில் வேகாத பொட்டலம் என்று எவரும் அறியலாம். எனினும் நாடா வெளிச் சூட்டையே காட்டும். உள்ளே சிதல்கள் மாண்டனவா என்பதை அறிய, தீங்கற்ற ஒருவகைச் சிதல்கள் அடங்கிய சிறு குப்பியைக் கருவிகளோடு வைத்துப் பின்னர் பரிசோதிப்பர். நல்ல மருத்துவமனைகளில் இச்சோதனைகளின் முடிவை நாள்தோறும் ஏட்டில் பதிந்து வைக்கின்றனர். அந்த ஏடே நோயாளிக்குக் காவல்.

66 பேர் கற்பித்த பாடம்

இவையெல்லாம் மருத்துவர்கள் கவலைப்பட வேண்டியவை. ஊராருக்கு இதில் என்ன வேலை என்று நினைப்பவர்கள், நம் பகுதியில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கருத வேண்டும். 2008-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களில் கண் சிகிச்சை முகாம் நடந்தது. அங்கே தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குத் திருச்சியைச் சேர்ந்த ஒரு தனியார் கண் மருத்துவமனையின் பெரம்பலூர்க் கிளையில் கண்புரை அறுவை செய்யப்பட்டது. அவர்களில் 66 பேர் அறுவை செய்த கண்ணில் பார்வையை இழந்தனர். இவ்விவகாரம் மத்தியப் புலனாய்வுத் துறையின் விசாரணைக்கும், பின்னர் நீதிமன்றத்துக்கும் சென்றது.

அவர்கள் கிராமத்து எளிய மக்கள். ஒளி பெறுவோம் என்று ஊர்தி ஏறிச் சென்றவர்கள். எந்தத் தீர்ப்பும் எந்த இழப்பீடும் அந்தக் கண்களை மீட்டுத் தரமாட்டா. கண்ணின் உட்பகுதி சிறியது. அங்கே புகுந்த கிருமியை எதிர்க்கும் ஆற்றல் மிகக் குறைவு. ஒரே நாளில், ஒரே அறையில் பலருக்கு அறுவை செய்யும்போது, ஒரு கருவியோ ஒரு மருந்துக் கரைசலோ மாசுபட்டிருந்தால் அனைவரும் ஒருங்கே துன்புற நேரும். ஈரத்தில் வளரும் சூடோமோனாஸ் போன்ற கிருமி புகுந்தால் இரண்டொரு நாளிலேயே பார்வை போய்விடும்.

ஆயினும் இதனைக் கேட்டு முகாம்களையே அஞ்சி ஒதுக்கலாகாது. 1976-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தின் கீழ் எண்ணற்றோர் பார்வை பெற்றுள்ளனர். வேண்டுவது அச்சம் அன்று, விழிப்பு. முகாம் நடத்தக் கோருவோரிடம் பஞ்சாயத்துத் தலைவர் கீழ்க்கண்டவற்றைக் கேட்டறிதல் வேண்டும்.

மாவட்ட சுகாதார அதிகாரிகளின் அனுமதி பெற்றுள்ளனரா? ஊரில் பரிசோதனை மட்டும் நடைபெறுமா? அறுவை எந்த மருத்துவமனையின் நிலையான அறுவை அரங்கில் நடைபெறும்? அறுவை செய்பவர் யார்? மறுநாளும் அடுத்த வாரமும் கண்ணைப் பார்ப்பவர் யார்? வலியோ சிவப்போ கண்டால் இரவு நேரத்திலும் அழைக்க வேண்டிய தொலைபேசி எண் யாது? சென்றவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று பஞ்சாயத்து அலுவலகத்திலும் இருக்க வேண்டும். அறுவைக்குப் பின் கண்ணில் வலி மிகுதல், சிவத்தல், சீழ் கசிதல், தெரிந்த பார்வை மங்குதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் ஒரு நாள் கூடத் தாமதியாமல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். பள்ளிக் கட்டிடத்திலோ, திருமண மண்டபத்திலோ அறுவை செய்ய எவர் கேட்டாலும் இணங்கலாகாது.

ஊசி பற்றிய மயக்கம்

நம் மக்களிடையே ஊசி போட்டால்தான் நோய் தீரும் என்னும் மயக்கம் உண்டு. காய்ச்சல், உடல்வலி எதுவாயினும் "ஒரு ஊசி போடுங்கள்", "குளுக்கோஸ் ஏற்றுங்கள்" என்று தாமே கேட்கின்றனர். மாத்திரையால் தீரும் நோய்க்கு ஊசி வேண்டுவதில்லை. தேவையற்ற ஒவ்வோர் ஊசியும் தேவையற்ற ஓர் அபாயம் ஆகும்.

2009-ஆம் ஆண்டில் குஜராத் மாநிலத்தின் மோடாசாப் பகுதியில் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி என்னும் நோய் கடுமையாகப் பரவிப் பலர் இறந்தனர். பயன்படுத்திய ஊசிக்குழல்களை மீண்டும் பயன்படுத்தியதே இதற்குக் காரணமெனத் தெரியவந்தது. ஊசிமுனையை மட்டும் மாற்றினால் போதும் என்பது தவறு. குழலிலும் இரத்தத்தின் நுண்துளி தங்கும். அரசின் தடுப்பூசித் திட்டத்தில், ஒரு முறை அழுத்தியதும் தானே பூட்டிக்கொள்ளும் ஊசிக்குழல் பயன்படுத்தப்படுகிறது. அதனை இரண்டாம் முறை பயன்படுத்த இயலாது. பிற இடங்களிலும் உறை பிரிக்கப்படாத புதிய ஊசியை நம் கண்ணெதிரே பிரிக்குமாறு பணிவோடு கேட்பது நம் உரிமை. நல்ல மருத்துவர் எவரும் அதற்குச் சினங்கொள்ளார். பட்டம் பெறாத போலி வைத்தியரிடம் ஊசி போட்டுக்கொள்வதோ முற்றிலும் விலக்கத்தக்கது.

நமது மாவட்டத்தின் அந்தநல்லூர், தொட்டியம் பகுதிகளில் வாழை வெட்டும்போதும், வயலில் சேறு மிதிக்கும்போதும் கால் கையில் காயம்படுவது இயல்பு. அக்காயத்தின் மேல் சாணமோ மண்ணோ வைத்துக் கட்டுவது இரண வாதக் கிருமியை நாமே உள்ளே அனுப்புவதாகும். ஓடும் நீரிலும் சோப்பிலும் கழுவி, தூய துணியால் கட்டி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் டெட்டனஸ் தடுப்பூசி பற்றிக் கேட்டறிதலே முறை.

தூய பிரசவம்

ஒரு காலத்தில் பிறந்த குழந்தைகள் பல, ஏழெட்டு நாட்களில் உடல் விறைத்து இறந்தன. துருப்பிடித்த அரிவாளால் கொப்பூழ்க்கொடியை அறுத்ததும், அதன்மேல் சாம்பலோ சாணமோ வைத்ததும் இதற்குக் காரணங்கள். கருவுற்ற தாய்க்குத் தடுப்பூசி, மருத்துவமனைப் பிரசவம், தூய கை, தூய விரிப்பு, தூய பிளேடு, தூய நூல், எதுவும் பூசாத கொப்பூழ் ஆகியவற்றால் இந்நிலை மாறியது. தாய் சேய் டெட்டனஸ் நோயை இந்தியா ஒழித்துவிட்டதென 2015-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் ஒப்புக்கொண்டது. மண்ணிலிருந்து அக்கிருமி நீங்கவில்லை. நம் பழக்கமே மாறியது. பழக்கம் தளர்ந்தால் நோய் திரும்பும் என்பதையும் மறக்கலாகாது.

கழிவைக் கலக்கலாகாது

மருத்துவமனையின் கழிவு ஊர்க் குப்பை அன்று. 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகள் நான்கு நிறங்களை வகுத்துள்ளன. சீழும் இரத்தமும் படிந்த துணி, உடல் உறுப்புப் பகுதிகள் ஆகியவை மஞ்சள் பையில். குழாய், கையுறை, ஊசி நீக்கிய குழல் ஆகியவை சிவப்புப் பையில். ஊசி, பிளேடு முதலிய கூர்மையான பொருள்கள் துளையாத வெள்ளைப் பெட்டியில். கண்ணாடிக் குப்பிகள் நீலப் பெட்டியில் இடப்பட வேண்டும். இவற்றைக் காவிரிக் கரையிலோ, கொள்ளிடத்து மணலிலோ, ஊர்க் குப்பைமேட்டிலோ கொட்டுவது குற்றம். குப்பையைப் பிரிக்கும் தூய்மைக் காவலரின் விரலில் ஓர் ஊசி குத்தினால், அவர் குடும்பமே துன்புற நேரிடும். நீரிழிவுக்காக வீட்டிலேயே ஊசி போட்டுக்கொள்வோர், ஊசியை மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் குப்பியில் சேர்த்து, சுகாதார நிலையத்தில் ஒப்படைத்தல் நன்று.

நோயாளியும் துணைவரும்

மருத்துவமனைத் தூய்மையில் பாதிப் பங்கு நம்முடையது. நோயுற்றவரைக் காண வண்டி நிறைய உற்றார் செல்வது நம் அன்பின் வழக்கம். ஆனால் ஒரு கட்டிலைச் சுற்றி இருபது பேர் நிற்பது நோயாளிக்கு நன்மையன்று. இருவர் சென்று கண்டு வருதல் போதும். காய்ச்சலோ இருமலோ உள்ளவரும் சிறு குழந்தைகளும் செல்லலாகாது. நோயாளியின் கட்டிலில் அமர்வதும், தரையில் துப்புவதும், காலணியைக் கட்டிலின் கீழ் குவிப்பதும் கூடாது.

நோயாளியைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் சோப்பிட்டு 40 விநாடியேனும் கை கழுவ வேண்டும். அல்லது சாராவிக் கரைசலைக் கை உலரும்வரை தேய்க்க வேண்டும். 2020-ஆம் ஆண்டின் கொரோனா நோய்க்காலத்தில் கடைதோறும் நாம் கற்ற பாடமே இது. சிறுநீர்க் குழாய் இட்டவரின் பை எப்போதும் வயிற்றுக்குக் கீழே தொங்க வேண்டும். ஆனால் தரையைத் தொடலாகாது. சலைன் ஏற்றும் இடத்தில் சிவப்போ வீக்கமோ வலியோ கண்டால் உடனே செவிலியரிடம் கூற வேண்டும்.

அறுவைக்கு முந்தைய நாள் சோப்பிட்டுக் குளிப்பது நலம். அறுவை செய்யும் இடத்தை வீட்டில் சவரக் கத்தியால் மழித்து வருவது தவறு. கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி குடியேறும். மருத்துவர் எழுதித் தராத கிருமிக்கொல்லி மாத்திரைகளைக் கடையில் வாங்கி விழுங்குவதும், எழுதித் தந்ததைப் பாதியில் நிறுத்துவதும் கூடா. அவ்வாறு செய்வதால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுகின்றன. அவை மருத்துவமனைக்குள் புகுந்தால் வலிய மருந்துகளும் பயனற்றுப் போகும்.

பஞ்சாயத்து ஆற்ற வேண்டிய பணி

கிருமி நீக்கத்திற்கு அடிப்படை நீர். நீர் இல்லாத சுகாதார நிலையத்தில் எந்த விதியும் நடைமுறைக்கு வாராது. கை கழுவவும், கருவி கழுவவும், ஆட்டோகிளேவில் ஆவி எழுப்பவும், தரையைத் துடைக்கவும் நீரே வேண்டும். ஆகவே நம் ஊர் சுகாதார நிலையத்துக்கும் துணை நிலையத்துக்கும் இடைவிடாத தண்ணீர் கிடைக்கிறதா என்பதைக் கவனிப்பது பஞ்சாயத்தின் முதற்கடமை. மேல்நிலைத் தொட்டியைக் காலந்தவறாது கழுவிக் குளோரின் இடுதல், நிலையத்தைச் சுற்றிச் சாக்கடை தேங்காமல் காத்தல், பன்றியும் நாயும் புகாதபடி வேலி அமைத்தல் ஆகியவையும் அதன் பாற்பட்டன. ஊர்த் தூய்மையை உள்ளாட்சிகளின் பொறுப்பாக 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டமே வைத்துள்ளது.

வைகுண்ட ஏகாதசி நாட்களில் ஸ்ரீரங்கத்தில் கூடும் பெருங்கூட்டம் போலவே, நம் ஊர்த் திருவிழாக்களிலும் முதலுதவி நிலையங்கள் அமைக்கிறோம். அங்கும் கை கழுவ நீரும், சோப்பும், உறை பிரிக்கப்படாத கட்டுத்துணியும், ஊசியை இடத் துளையாத பெட்டியும் இருத்தல் வேண்டும். பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் திட்டமிடும்போதே இவற்றுக்கும் திட்டமிடலாம்.

ஊராட்சித் தலைவரும் கிராம சுகாதார செவிலியரும் இடம்பெறும் கிராம சுகாதாரக் குழுவுக்கு ஆண்டுதோறும் சிறு தொகை ஒதுக்கப்படுகிறது. சோப்பு, வாளி, குழாய் பழுது போன்றவற்றுக்கு அதனைப் பயன்படுத்தலாம். அரசு மருத்துவமனைகளில் உள்ள நோயாளர் நலச் சங்கத்தின் கூட்டத்தில், குறை கூறுவதோடு நில்லாமல், கிருமி நீக்க ஏடு எழுதப்படுகிறதா, ஆட்டோகிளேவ் பழுதின்றி இயங்குகிறதா, கழிவு வண்டி தவறாமல் வருகிறதா என்றும் கேட்கலாம். 2015-ஆம் ஆண்டு முதல் காயகல்ப் என்னும் திட்டத்தின் கீழ்த் தூய்மையில் சிறந்த அரசு மருத்துவமனைகளுக்குப் பரிசு வழங்கப்படுகிறது. நம் ஊர் நிலையம் அப்பரிசைப் பெறுமாறு உதவுவது ஊருக்கே பெருமை.

ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. சாலை, விளக்கு, குடிநீர் பற்றிப் பேசும் அச்சபையில், ஒரு முறையேனும் சுகாதார நிலையத்தின் தூய்மையையும் ஒரு பொருளாக வைத்துச் செவிலியரையும் மருத்துவரையும் அழைத்துப் பேசச் செய்தல் வேண்டும். அவர்களுடைய குறை யாது, நம்மால் இயன்றது யாது என்பது அப்போது வெளிப்படும். மருத்துவமனை ஊழியரைப் பகைவராகக் கருதிக் கேள்வி கேட்பது நம் நோக்கம் அன்று. இரவும் பகலும் கிருமிகளிடையே பணி செய்யும் அவர்களே தொற்றுக்கு முதலில் இலக்காகின்றனர். தூய்மை அவர்களையும் காக்கும்.

விதை நேர்த்தி செய்யாமல் விதைப்பவர் விளைச்சலை எதிர்பார்த்தல் வீண். கிருமி நீக்கம் செய்யாமல் சிகிச்சை செய்வதும் அத்தகையதே. விதைக்கு முன் செய்யும் சிறு வேலையைச் சோம்பலின்றிச் செய்யும் நம் விவசாயப் பெருமக்கள், உயிருக்கு முன் செய்யும் இச்சிறு வேலையையும் கேட்டுப் பெறுவார்களாயின், நம் மருத்துவமனைகள் நோயை வாங்கிக் கொள்ளும் இடங்களாகவே இருக்கும்; கொடுக்கும் இடங்களாக இரா.